மூன்று சுழி

இரவு இரண்டேகாலுக்கு வந்திருக்கிறது.
காலை, உவர்மலை இறக்கத்தில்
சைக்கிளை நிறுத்திக் கைபேசியில் பார்க்கிறேன்.
கேள்விப்படாத பெயர். இஹ்ஸானா.
மாற்றிய கோப்பு ஒன்று, மாற்றிய வரி ஒன்று.
கின்னியா என்று கிடந்ததைக்
கிண்ணியா ஆக்கியிருக்கிறாள்,
இரண்டு எழுத்துக்கும் ஒவ்வொரு சுழி கூட்டி.

கீழே, காரணம் எழுதும் பெட்டியில்
மாற்றத்தைவிட நீளமாய் மன்னிப்பு:
"இதுதான் முதல் தடவை. கை வைக்கக்கூடாத இடமென்றால்
அழித்துவிடுங்கள்.
எங்கட ஊர்ப் பெயர், அதனால்தான்."

எங்கள் நிரல் ஒன்றும் பெரிதில்லை.
இந்த மாவட்டத்தில் எந்த பஸ் எந்தச் சந்திக்கு
எத்தனை மணிக்கு என்று
மூன்று மொழியில் சொல்லும்.
காசில்லை. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று
முகப்பில் எழுதி நாலு வருடம்.
எழுதியதோடு சரி.
திறந்த படலைக்கு வெளியே
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றவர்களை
நாங்கள் எண்ணவில்லை.

என் முதல் திருத்தம்
எங்கோ ஒரு பெரிய செயலிக்கு, ஒரு விடுபட்ட அடைப்புக்குறி.
நாற்பத்தொரு நாள் பதிலில்லை.
நாற்பத்திரண்டாம் நாள் ஒரு சொல்: தேவையில்லை.
அடுத்த பதிப்பில் அடைப்புக்குறி இருந்தது.
என் பெயர் இருக்கவில்லை.
வன்மமெல்லாம் இல்லை.
நாள்கணக்கு மட்டும் மறக்கவில்லை.

மத்தியானம் பரிசோதனையை ஓட்டினேன்.
சிவப்பு.
பத்தொன்பது இடத்தில் சிவப்பு.

அவளில் பிழையில்லை.
நான்தான், முதல் வருடம், அவசரத்தில்
இரண்டு சுழியோடு ஊரை எழுதி
அந்தப் பிழைக்கு மேலேயே எல்லாம் கட்டியிருக்கிறேன்:
தேடல், கட்டணம், வெள்ளிக்கிழமை நேரமாற்றம்.
நாலு வருடமாய்
பாலத்தைத் தாண்டிய பஸ்களெல்லாம்
இல்லாத ஓர் ஊருக்குப் போயிருக்கின்றன.

மாத்தறையிலிருந்து துலான் எழுதுகிறான்:
"திரையில் மட்டும் சரியாகக் காட்டு.
உள்ளே இருப்பது இருக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்?"

ஒருத்தி பார்த்துவிட்டாள், துலான்.

இரவு, டைக் வீதி வீட்டின் மதிலோரம்
கோட்டை மான்கள் இரண்டு.
வா என்று கையை நீட்டினால் ஓடும்.
காணாததுபோல் இருந்தாலும் கிட்ட வராது.
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு விதமாய் இருக்கவேணும்,
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
பாண் துண்டுகளைத் தாளோடு மதில்மேல் வைத்துவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"அன்புடன் வரவேற்கிறோம்" என்று தொடங்கினேன்.
கல்யாண மண்டப வாசல்போல இருந்தது. அழித்தேன்.
மூன்று ஆச்சரியக்குறி போட்டேன். மூன்றையும் அழித்தேன்.
பிறகு:

"இஹ்ஸானா, நன்றி.
உங்கள் வரி சரி. நாலு வருடமாய் என்னுடையதுதான் பிழை.
சிவப்பாய்த் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்,
அது என் சிவப்பு.
பதினெட்டு இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
பத்தொன்பதாவது,
கட்டணக் கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி,
அதை நான் தொடவில்லை.
நேரமிருந்தால், விருப்பமென்றால்.
விளங்காவிட்டால் கேளுங்கள்.
சின்னக் கேள்வி என்று ஒன்றை இங்கே யாரும் வைத்திருக்கவில்லை."

பங்களித்தோர் பட்டியலில் நாலாவது பெயர்.
ஸாவா சாவா என்று
இரண்டு தரம் பார்த்துத்தான் எழுதினேன்.
எழுத்து விஷயத்தில் என்னை நம்பேலாது.

பதினெட்டும் முடிய ஒன்றரை மணி.
பத்தொன்பதாவது
திரையின் அடியில் சிவந்துகொண்டு நிற்கிறது.
என் விரலுக்கு அது ஒரு நொடி வேலை.
நாளைக்கும் வராமல் போகலாம், அடுத்த கிழமையும்.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
இருக்கிறேன்.

வெளியே பாண் தாள் சரசரக்கிறது.
திரும்பிப் பார்க்கவில்லை.