ஓட்டுத்தையல்

புயல் போன ஐந்தாம் நாள்
சோனாங்குப்பத்துக்கு லாரியில் வந்து இறங்கியது
ஊர் பேர் தெரியாதவர்களின் அலமாரி.
கம்பளிக் கோட்டு.
டையோடு ஒரு பள்ளிச்சட்டை.
ஜரிகை கறுத்த ரவிக்கை, கொக்கி இல்லாமல்.
குழந்தைக் காலுறை ஒன்று, ஒன்றே ஒன்று.
சோறு வந்த லாரிக்கு ஓடினோம்.
இதற்கு யாரும் ஓடவில்லை.
புயல் பாதுகாப்புக் கட்டடத்து வாசலில்
குவித்துவிட்டுப் போனார்கள்.
ஆடு ஏறிப் படுத்துக்கொண்டது.

படகு இரண்டாய்ப் பிளந்து உப்பனாற்றில் கிடந்தது.
கணக்கெடுக்க வந்தவர் அதைப் போட்டோ எடுத்தார்,
என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி.
அதற்குப் பிறகு வேலை இல்லை.
வேலை இல்லாத கை திருட்டுப் பூனை மாதிரி,
எதையாவது உருட்டும்.
வீட்டுத் தரை இன்னும் ஈரம் கக்கிக்கொண்டிருந்தது.
அஞ்சலாட்சிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
விரிக்க ஒன்று தைக்கிறேன் என்றேன்.
அவள் பார்த்த பார்வையை
இங்கே எழுதவில்லை.

வலை தெரிந்தவனுக்குத் துணி எம்மாத்திரம்?
கோணி ஊசியில் நைலான் கோத்து இழுத்தேன்.
பள்ளிச்சட்டை
பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழிந்தது.

முதுநகர்க் கடையில் ஊசி கேட்டேன்.
'என்ன நம்பர்?'
'முப்பத்தாறு மில்லி.'
அது கண்ணியின் அளவு. வாய்ப்பழக்கம்.
கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
பல நம்பர் கலந்த சீட்டு ஒன்று கொடுத்தார்.

எங்கள் தொழிலில்
ஓட்டையை அளவு பார்த்துத்தான் வைப்போம்.
சிறிசு போகட்டும், பெரிசு நிற்கட்டும்.
துணியில் எதுவுமே போகக்கூடாது.
இது புரியவே ஒரு பகல் ஆனது.
நூல் கோக்க இன்னொரு பகல்.
எச்சில் தொட்டு, முறுக்கி, மறுபடி எச்சில் தொட்டு,
ஊசிக்கு இருப்பது ஒரே கண்,
அதுவும் என்னைப் பார்க்கவில்லை.

சவரப் பிளேடால் கட்டம் கட்டமாக வெட்டினேன்.
கட்டம் என்று நான்தான் சொல்கிறேன்.
கோட்டுத் துண்டையும் ரவிக்கைத் துண்டையும் சேர்த்து
முதல் வரிசை.
நண்டு மண்ணில் புகுந்து எழுந்து ஓடுவது போல
நூல் உள்ளே போனது, வெளியே வந்தது.
கோணல்தான். ஆனாலும் ஓடியது.
ஒரு முழம். ஒன்றரை முழம்.
தூக்கிக் காட்டினேன்.
கோட்டு ஒரு பக்கம் விழுந்தது, ரவிக்கை ஒரு பக்கம்,
நூல் மட்டும் கையில்
முழுசாக, அழுக்காக.

அஞ்சலாட்சி வெங்காயம் அரிவதை நிறுத்தினாள்.
'முடிச்சு?'

பதினாலு வயதிலிருந்து நான் போட்ட முடிச்சுகளை
வரிசையாக வைத்தால்
காரைக்கால் போய்த் திரும்பலாம்.
நூல் நுனியில் ஒன்று போட
மறந்திருந்தேன்.

அப்புறம் போட்டவை கடப்பாரைக்கும் அவிழாதவை.
நைலக்ஸ் வழுக்கியது, கம்பளியில் ஊசி முறிந்தது,
கட்டைவிரலில் ரத்தம் வந்து
பள்ளிச்சட்டையில் மூன்றாவது பொத்தான் ஆனது.
உள்ளே வைக்க அவளுடைய பழம்புடவை இரண்டு.
ஒரு மூலை குறைந்தது.
அங்கே காலுறையைப் பிரித்துப் போட்டேன்.
எட்டாம் நாள் சாயங்காலம், முடிந்தது என்று எழுந்தேன்.
விரிப்பும் கூடவே எழுந்தது.
கைலியோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

எதிர்வீட்டு இரிசப்பன் பார்த்துவிட்டான்.
சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு பீடி நேரம் ஆனது.
மறுநாள் அவனும் குவியலுக்குப் போனான்,
ஆட்டை விரட்டிவிட்டு.
நூல்கண்டு கேட்டு வந்தான், கொடுத்தேன்.
முடிச்சைப் பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டின் உள்பையை வெட்ட மட்டும் மனம் வரவில்லை.
எழுத்து அழிந்த பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது அதில்.
அப்படியே வைத்துத் தைத்ததில்
விரிப்புக்கு நடுவில் ஒரு பை.
டிக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டு
அஞ்சலாட்சி அதில்
தோட்டின் அடகுச் சீட்டை மடித்து வைத்திருக்கிறாள்.
இராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம்
இடுப்புக்கடியில் சரசரக்கிறது.
வட்டி ஏறுது என்கிறாள்.
தூங்கு என்கிறேன்.