நூற்றுப் பன்னிரண்டு

தம்பியின் மாத்திரை அட்டையை
ஆறு மாதம் நான்தான் எண்ணினேன்.
பாதி பச்சை, பாதி ரோஜா.
ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று,
எனக்கும் அதேதான்.
அட்டையில் ஓட்டை விழுந்திருந்தாலும்
தேடுவேன்:
குளியலறைச் சாக்கடையில், கோழிக்கூட்டில்,
அவன் சட்டைப் பையில்
ஐஸ் கம்பெனிச் சீட்டுக்கு அடியில்.

ஏனென்றால் எனக்கு மருந்து கேட்டது.
மூன்றாம் மாதமே
முழங்காலுக்குள் இருந்த நண்டு
பிடியை விட்டது.
மண்டபத்தில் நாள் முழுக்க நின்றபடி
நண்டுச் சதை பிரிக்கிறேன்.
வாடை வீசினாலும் நிற்கிறேன்.

இன்னாசிக்குக் கேட்கவில்லை.
கார்த்திகையில் இரண்டு தடவை, மார்கழியில் ஒன்று,
தங்கச்சிமடத்தில் அவனைப் பேருந்தில் ஏற்றி
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி போகும்வரை
பல்லைக் கடிக்கிற சத்தம்.
'ஒழுங்கா முழுங்குனா ஏன்டா வலிக்குது?'
கேட்டது அம்மா இல்லை.
பாம்பன் பாலம் தாண்டும்வரை
அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஹப்ஸா தாளை என் பக்கம் திருப்பினார்.
நூற்றுப் பன்னிரண்டு.
'சிவப்பணு பெருத்திருக்கு, பாரும்மா.
மாத்திரை உள்ளே போகாம இப்படிப் பெருக்காது.
உன் தம்பி ஒழுங்காத்தான் சாப்பிடுறான்.'

அதற்குக் கீழே இன்னோர் எண்.
எனக்கு இருபத்துநான்கு, அவனுக்கு ஏழு.
அம்மா வயிற்றில் இருக்கையில்
எல்லோருக்குள்ளும் ஓடும் ரத்தமாம் அது.
பிறந்த பின் உடம்பு அதை மறந்துவிடுமாம்.
என் உடம்புக்கு ஞாபகம் அதிகம்.
மாத்திரை போய்க் கூப்பிட்டதும்
எழுந்து வந்துவிட்டது,
அரிவாளாய் வளையவிடாமல்
அணுவுக்குள் குறுக்கே நிற்கிறது.
அவனுக்குள் எவ்வளவு தட்டினாலும்
புரண்டு படுக்கிறது.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று,
இரண்டு பேருக்கும் அதே எழுத்துப் பிழை.
பிழையைச் சுற்றி எழுதியிருப்பதுதான் வேறாம்.
அதை யாரும் எங்களைக் கேட்டு எழுதவில்லை.

ஒழுங்காய் விழுங்குகிறவள் என்று
தெருவெல்லாம் எனக்குப் பெயர்.

டோஸைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார்.
ஐஸ் வேலை வேண்டாம் என்றார்.
மற்றதை மதுரையில் பேசலாம்,
தண்ணீர் மட்டும் நிறையக் குடி.
இன்னாசி தலையாட்டினான்.
வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டேன்.
'காத்து ஆகாதுக்கா'
என்று இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தான்.
உச்சிப்புளி தாண்டி
மன்னிப்பு மாதிரி ஏதோ தொண்டைவரை வந்தது.
வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி மாத்திரையைப் போட்டு
ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.
பிறகு, பழக்கத்தில்,
விளக்கு வெளிச்சத்தில் என் பக்கம் திரும்பி
வாயைத் திறந்து
நாக்கைத் தூக்கிக் காட்டினான்.