ஒன்பதாம் சாட்சி

பந்திப்பூர் காட்டை ஒன்பதுக்குப் பூட்டுவார்கள்.
பூட்டுமுன் நுழைந்த கடைசி வண்டி
எங்கள் கக்கநல்லா சாவடிக்கு வந்துசேர
ஒன்பதரை ஆகும்.
அதற்குப் பிறகு சாலை யானைக்கு.

என் வேலை பிளாஸ்டிக்.
ஒரு லிட்டர், அரை லிட்டர், குளிர்பானம்,
சிப்ஸ் கவரைக்கூட விடமாட்டேன்.
தினக்கூலி. ஒரு பச்சைக் கோட்டு, ஒரு டார்ச்சு.

அன்று கடைசியாக வந்தது வெள்ளைக் கார்.
தூறல். ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி
"ஒண்ணுமில்லக்கா" என்று சிரித்தான்.
நல்ல சிரிப்பு.
கூண்டில் ஏறி அதையும் சொன்னேன்.
பக்கத்து இருக்கையில் அவள்.
மடியில் ஒரு லிட்டர் பாட்டில், பாதி காலி.

கையை நீட்டினேன். கொடுத்தாள்.
கொடுத்தவள் விடவில்லை.
நான் இழுத்தேன்.
அப்போதும் விடவில்லை.
இருபது ரூபாய்த் தண்ணீருக்கு இவ்வளவா என்று
எனக்குக் கோபம் வந்தது.
"சட்டம்மா, விடு" என்றேன்.
விட்டாள்.

பசுமை வரி முப்பது ரூபாய். ரசீதில் நேரம் 9.26.
அந்தத் துண்டுச் சீட்டு இப்போது
உறைக்குள் அரக்கு முத்திரையோடு
சான்றாவணம் பதினாலு.

மூன்றாம் நாள் சீகூர்ப் பள்ளத்தில் கிடைத்தாள்.
பேர் யோகமலர்.
பந்தலூர்ப் பக்கம், டேன்டீ லைன் வீடு.
மைசூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை.
அவனிடம் போதும் என்று சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது.
போன் நம்பரை இரண்டு தடவை மாற்றியிருந்தாள்.
இதெல்லாம் பேப்பரில் வந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

ஏற்றியது மைசூரில். கிடந்தது மசினகுடிக்குப் பக்கத்தில்.
உயிர் எந்தப் பக்கம் போனது என்று
இரண்டு மாநிலத்துப் போலீசும்
பாலத்தில் நின்று பேசிக்கொண்டார்கள்.
புலி என்றால் இரண்டு பேரும்
எங்களுடையது என்று எண்ணிக்கொள்வார்கள்.
அவளுடைய அம்மா ஹைகோர்ட்டுக்கு அலைந்து அலைந்து
வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது.

வந்தவர்கள் இந்தியில் கேட்டார்கள்.
ஒருவர் தமிழில் சொன்னார்.
இன்னொருவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.
மூன்றில் எந்த மொழியிலோ
அந்த இழுப்பு கீழே விழுந்துவிட்டது.

கோர்ட்டுத் தமிழில் அவனுக்குப் பேர் எதிரி.
"எதிரியை அடையாளம் காட்ட முடியுமா?"
காட்டினேன். முழுக்கைச் சட்டை, புதுச் சவரம்.
ஒரு காலத்தில் அவள் அவனை
என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ,
அது எந்தத் தாளிலும் இல்லை.

எதிரித் தரப்பு வக்கீல் எழுந்தார்.
கத்தினாளா?
இல்லை.
அழுதாளா?
இருட்டு சார்.
கை கட்டியிருந்ததா?
இல்லை.
பாட்டிலைத் தன் கையாலேயே கொடுத்தாள்?
ஆமாம்.
ஆக, விரும்பித்தான் வந்திருக்கிறாள்.
இல்லை சார், அவள் விடவில்லை.
எத்தனை நொடி?
எண்ணவில்லை.
விசாரணை அதிகாரியிடம் சொன்னீர்களா?
சொன்னேன்.
வாக்குமூலத்தில் இல்லையே.
இல்லை.
இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறீர்கள் என்கிறேன்.

நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
என்னைப் பார்த்தார்.
பிறகு தட்டச்சுக்காரரிடம் சொன்னார்:
"பாட்டிலை உடனே விடவில்லை என்று சாட்சி கூறுகிறார்."
ஒரு வரி.
அதற்காகத்தான் இரண்டு வருஷம்
ஊட்டிக்கும் மசினகுடிக்கும் ஏறி இறங்கினேன் போல.

படிக்காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டு
கல்லட்டியில் முப்பத்தாறு வளைவும் இறங்கினேன்.
அந்த இடம் வந்ததும் டிரைவர் ஹாரன் அடித்தார்.
வளைவுக்கு அடித்தார்.

தீர்ப்பு தள்ளிப்போயிருக்கிறது.
சாவடியில் மூட்டை மூட்டையாகப் பாட்டில்.
இப்போதெல்லாம் நான் இழுப்பதில்லை.
பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
டார்ச்சை முகத்துக்குக் கொண்டுபோய்க்
கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன்.
"என்னக்கா, எடுத்துக்குங்க" என்கிறார்கள்.
எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.