நாலு அங்குலம்

"சும்மா கிடைக்கிறது நடுச்சீட்டுத்தான் காக்கா,
கக்கூசுக்குப் பக்கத்தில.
கால் நீட்டுறதெண்டா பதினாலாயிரம்."
சாய்ந்தமருதுக் கடையில் நுபைல்
திரையை என் பக்கம் திருப்புகிறான்.
போன முறை கேட்காத காசு.

எவ்வளவு கூடும்?
நாலு அங்குலமாம்.

டோஹாவில் டைல்ஸ் பதிக்கிறவன் நான்.
நாலு அங்குலம் எனக்குத் தெரியும்:
சுவரோரம் முழங்காலில் நின்று
வெட்டி ஒட்டும் கடைசித் துண்டு.
பதினொரு வருஷம்.
இப்போது தொழுகையும் கதிரையில்.

"அதே காசுக்குப்
பெட்டியில அஞ்சு கிலோ கூட்டலாம்."

வீட்டில் ஜெஸீமா இந்நேரம்
மாசிச் சம்பலை
மூன்றாவது போத்தலில் அடைத்துக்கொண்டிருப்பாள்.

கிலோவைப் போடு என்றேன்.
மேசையைப் பிடித்துத்தான் எழும்பினேன்.
அதன்மேல் நின்ற
பொம்மைப் பிளேன்
கொஞ்சம் ஆடியது.