நளாயினி தந்த நாலு கிழங்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த நளாயினி மச்சாள்
திரும்பிப் போகிற காலை
கைப்பையின் அடியிலிருந்து எடுத்துத் தந்தாள்,
மண்ணிறத் தாளில் சுற்றிய நாலு கிழங்கு.
பேர்கனில் தன் வீட்டு முற்றத்தில் கிண்டியதாம்.
"இலையுதிர்காலத்தில பூக்கும்,
மூன்றங்குலம் தாட்டு நடு,
பிள்ளையள் வாயில வைக்காமப் பார்..."
வான் வந்துவிட்டது.
மிச்சத்தைச் சொல்லாமல் ஏறிவிட்டாள்.

எனக்குக் கிழங்கு தெரியாததா?
உரும்பிராய்ச் செம்பாட்டில் இருபத்தாறு வருசம்
குந்தியிருந்து விதை வெங்காயம் ஊன்றிய விரல் இது.
பாத்திக்கு எத்தனை, எத்தனை நாளுக்கொரு இறைப்பு,
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.
ஆனால் பூவுக்கென்று ஒன்றையும் நட்டதில்லை.
தண்டு நீட்டிப் பூத்த வெங்காயத்தைத்
திருநெல்வேலிச் சந்தையில் ஒருவரும் தொடார்.
மொட்டைக் கண்ட இடத்திலேயே கிள்ளி எறிவோம்.

இலையுதிர்காலம் எந்த மாதம்?
எங்கள் வேம்பு உதிர்ப்பது மாசியில்.
பலா நினைத்த நாளெல்லாம் உதிர்க்கும்.
கேட்போம் கேட்போம் என்றிருக்க
வெங்காயம் கிண்டுகிற வேலை வந்தது.
நாலும் பிரிட்ஜுக்கு மேலே
கரண்ட் பில்லுக்கும் எரியாத டோர்ச்சுக்கும் நடுவே கிடந்தன.

ஒரு பின்னேரம்
சம்பலுக்கு வெங்காயம் தேடிய என் மனுசன்
ஒன்றை எடுத்துத் தோலுரித்துவிட்டார்.
கத்தி வைக்கப்போன நேரம் உள்ளே வந்தேன்.
"இதென்ன, மணமே இல்லை" என்கிறார்.

முன்வீட்டு மிருதுளா ஆஸ்பத்திரியில் மருந்து குடுக்கிறவள்.
போனில் தேடிப் பார்த்து மூச்சை இழுத்தாள்.
"அக்கா, நஞ்சு. உங்கட வேலியில படருற
கார்த்திகைப்பூக் கிழங்கில இருக்கிற அதே நஞ்சு.
ரெண்டும் ஒரே குடும்பம்."
பனியில் கிடந்ததும் பூவரசங் கதியாலில் ஏறுவதும்
சொந்தக்காரர் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

புரட்டாதிச் சனி.
கோயிலுக்கு நல்லெண்ணெய்ப் போத்தலை எடுக்கக் கை நீட்டினால்
பிரிட்ஜுக்கு மேலே பூ.
தாளைக் கிழித்துக்கொண்டு
கத்தரிப்பூ நிறத்தில் நாலு கிழங்கிலும்.
தோலுரித்ததிலும்.
மண் இல்லை. தண்ணி இல்லை. பேருக்கு ஒரு இலை இல்லை.
வெறுங் கழுத்தில் நிற்கின்றன.

முதலில் வந்தது கோபம்.
இத்தனை போகம் எரு, உரம், மருந்து, வங்கிக் கடன்,
மோட்டருக்கு மண்ணெண்ணெய்,
மண்ணைக் கேளாமலும் பூக்கலாமென்று
ஒருவரும் சொல்லித் தரவில்லையே.

படம் அனுப்பினேன்.
வொயிஸ் மெசேஜில் நளாயினி சிரித்தாள்.
"என்ர முற்றத்திலயும் இண்டைக்குத்தான்."
பிறகு யாரோடோ அந்த நாட்டு மொழியில் கதைக்கிறாள்,
கதவு சாத்துகிறது, ஒரு பஸ் போகிறது.
நிறுத்த மறந்திருக்கிறாள்.
முடியுமட்டும் கேட்டேன்.

பூ வாடியதும் கிணற்றடி வாழையோரம் நட்டேன்,
சொன்ன மூன்றங்குலம்.
ஐப்பசி மழை ஒன்பது நாள் விடவில்லை.
பத்தாம் நாள்
வேலியில் கார்த்திகைப்பூ
நட்டவர் இல்லாமல் எழும்பி
இலைநுனியால் கம்பியைப் பிடித்து
மஞ்சளாய்த் தொடங்கிச் சிவப்பாய் முடிந்தது.
சைக்கிளை நிறுத்தி ஒருவர்
கனநேரம் பார்த்துவிட்டுப் போனார்.
ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்கழியில் கிளறிப் பார்த்தேன்.
மூன்று அழுகிச் சேறு.
தோலுரித்தது மட்டும் இறுகிக் கிடந்தது,
இலையும் இல்லை, வேரும் இல்லை,
இருக்கிறது.

கழுவித் துடைத்து உள்ளங்கையில் வைத்திருக்கிறார் மனுசன்.
"இதை எங்கை வைக்க?"

எங்கேயும் வை.
வெங்காயக் கூடையில் மட்டும் வேண்டாம்.