கால் சுற்று

மாசி மகத்தன்று மத்தியானம் மூன்று மணிக்கு
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
என் இரண்டாவது துப்பாக்கி
பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டது.

குழலை மடித்தால் கடக் என்று ஒரு சத்தம் வரும்.
எனக்கு அதுதான் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம்.
வரவில்லை.
கீழேயும் இறங்காமல் மேலேயும் ஏறாமல்
சீர் குறைந்ததென்று பந்தியில் உட்கார மறுக்கும்
சம்பந்தி மாதிரி விறைத்துக்கொண்டது.

சாமிகள் டிராக்டரில் வந்துகொண்டிருந்தார்கள்.
ஒரு சாமிக்குப் பின்னால் இருநூறு பேர்.
இருநூறில் ஏழு பேர் பலூன் சுடுவார்கள்.
இந்த ஒரு நாளை வைத்துத்தான்
வைகாசி வரைக்கும் வீட்டு வாடகை.

வேட்டியில் கடை மடிப்புக் கலையாத ஒருவர்,
பக்கத்தில் மஞ்சள் மங்காத தாலியோடு ஒரு பெண்.
"ரிப்பேரா அக்கா?"
"களைச்சுப் போச்சு" என்றேன்.
இருந்த ஒரு துப்பாக்கிக்கு வரிசை
மாங்காய் வண்டி வரைக்கும் போனது.

திருப்பாப்புலியூர் பூட்டு ரிப்பேர் முஜீபுக்கு
நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

நாத்தனார் செங்கேணியைக் கடையில் நிறுத்திவிட்டு
பலகைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
முதலில் குழலுக்குள் சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தேன்.
குண்டு இல்லை.
இருந்தாலும் கடலைப் பார்த்துத் திருப்பினேன்.
அங்கேதான் சாமி இறங்குகிறது என்று உறைத்ததும்
மணலைப் பார்த்துத் திருப்பினேன்.

பாதி ஏறிய ஸ்பிரிங்கை நம்பக் கூடாது.
போன சித்திரையில் என் வீட்டுக்காரர் நம்பினார்.
ஆள்காட்டி விரல் நகம் இன்னும் கோணலாகத்தான் முளைக்கிறது.
இடுக்கில் ஒரு கட்டைத் துண்டைக் கொடுத்துவிட்டு
அடிப்பக்கம் இரண்டு திருகு, முன்பக்கம் ஒன்று,
சுண்டல் பொட்டலத் தாளில் வரிசையாக வைத்தேன்.

மரம் கழன்று வந்தது.
பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் நீட்டினதை
உள்ளே இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
கிரீஸும் மணலும் கலந்து கேழ்வரகுக் களி.
உப்புக் காற்று ஏறிய ஒரு நெம்புகோல்.
அது ஓடுகிற பள்ளத்தில்
என்னவோ ஒன்று, பச்சையாக.

கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கிளறினேன்.
வந்தது
நாலாக மடிந்து நசுங்கிய பலூன் தோல்.
வெடித்த இடத்திலிருந்து பதினைந்தடி பறந்து
சுட்டவன் கைக்குள்ளேயே போய்ச் சிக்கியிருக்கிறது.
எவன் சுட்டானோ. காலையில் பச்சை நிறையப் போனது.

மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்தேன்.
தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு.
குழல் மடங்குகிற இடத்துப் போல்ட் ஆடியது.
அதையும் கையோடு கையாக இறுக்கிவிட்டேன்.

மூட்டி, மடித்தேன்.
கடக்.

சரியா என்று பார்க்கவேண்டுமே.
மேல் வரிசை, ஓரத்தில் ஊதா.
ஊதாவைப் பார்த்தேன்,
ஊதா வெடித்தது.
அடுத்து சிவப்பு. சிவப்பு.

செங்கேணி திரும்பி என்னைப் பார்த்தாள்.
எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.

பத்துக்குப் பத்து அடித்தால் ஒரு எவர்சில்வர் டப்பா.
மூன்று டப்பா, முந்தின பொங்கலுக்கு வாங்கினது,
வாரா வாரம் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன்.
குழல் ஆடினதால்தான் அவை அங்கே இருந்திருக்கின்றன.
எனக்கே தெரியாமல் ஒரு போல்ட்
எனக்காக ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆச்சா அக்கா?"
வேட்டிக்காரர் இன்னும் போகவில்லை.
அந்தப் பெண் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பெரிய டப்பா, மூடியில் மயில் போட்டது.

"ஒரு நிமிஷம்" என்று பலகைக்குப் பின்னால் போனேன்.
திருப்புளியைப் போல்ட்டில் வைத்தேன்.
தவில் சத்தம் கிட்டே வந்தது. எந்த ஊர்ச் சாமியோ.
அரைச் சுற்று என்று நினைத்துத்தான் பிடித்தேன்.
கை
கால் சுற்றில் நின்றுவிட்டது.

நீட்டினேன்.
துப்பாக்கியை அவர் வாங்கவில்லை,
அந்தப் பெண் வாங்கினாள்.