கருமணல் கணக்கு

கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டு, தை மாசம்.
மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் நான் எடைக் குமாஸ்தா.
குளச்சலில் கப்பல் தள்ளி நிற்க
வள்ளத்தில் வந்து இறங்கினார் மிசுனோ,
முழங்கால்வரை நனைந்த வெள்ளைக் கால்சட்டையோடு,
தன்னைப் பார்த்துத் தானே சிரித்தபடி.

கருமணலை உள்ளங்கையில் அள்ளி
மூக்கருகே கொண்டுபோனார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பி.
உள்ளே பாலைவிட வெள்ளையாய்ப் பொடி.
"உங்கள் மணல்தான்" என்றார் அரைகுறை இங்கிலீஷில்.
கடவம் சுமக்கிற பாலம்மை எட்டிப் பார்த்தாள்:
"எனக்க தலையில இருந்த கறுப்பா இது? போவும் வோய்."
குப்பியை என்னிடமே விட்டுப் போனார்.

போகுமுன் காந்தத்தின் அருகே வெகுநேரம் நின்றார்.
பட்டை ஓட, மேலே மணல் ஓட,
தொங்குகிற காந்தம்
கறுப்பை மட்டும் எழுப்பித் தன் பக்கம் இழுத்தது.
சிவப்பு கொஞ்சம் தயங்கியது.
மஞ்சள் அதுபாட்டுக்குக் கீழே விழுந்தது.
"எவ்வளவு கீழ்ப்படிதல்" என்றார் மிசுனோ.
பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நூற்றொன்பது, தை.
கோட்டில் புதிதாய் ஒரு பித்தளை வில்லை.
எல்லோரும் குத்துகிறார்கள் என்றார், நான் கேட்காமலே.
கட்டஞ்சாயா ஆறிப்போன பிறகு சொன்னார்:
பிரதமரை அவர் வீட்டிலேயே வைத்துச் சுட்டார்கள்,
சீருடை போட்ட பையன்கள்.
உட்காருங்கள், பேசலாம் என்றாராம் கிழவர்.
வழக்கு நடந்தது. ஊரே அழுதது,
சுட்டவர்களுக்காக.
ஒன்பது பேர் சுண்டுவிரலை வெட்டி
குப்பியில் போட்டு மந்திரிக்கு அனுப்பினார்கள்,
விட்டுவிடுங்கள் அந்தப் பிள்ளைகளை என்று.

என் கையைப் பார்த்துக்கொண்டேன்.
எடைக்கல் தள்ளித் தள்ளி
சுண்டுவிரலோரம் காய்ப்பு.

நூற்றுப் பதினொன்று, பங்குனி.
அவருடைய தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், வீட்டில் இல்லை.
சிந்தனைக்கென்று அங்கே தனியாய்ப் போலீஸ் உண்டாம்.
"சிந்தனையை எப்படி சார் சோதனை போடுவார்கள்?"
"அலமாரியில் தொடங்குவார்கள்."
எதில் முடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கடலுக்கு முதுகு காட்டி
வடகிழக்கே, தென்னைகளைப் பார்த்து,
இடுப்புவரை குனிந்தார்.
அவர்களுடைய அரண்மனை இருக்கிற திசை.
கரையில் ஒரு நண்டும் நானும்தான்.
யாரும் ஏவாத இடத்திலும் வளைகிற முதுகை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நூற்றுப் பதினாலு, ஆவணி.
வந்தவன் வேறு ஆள். ஒட்ட வெட்டிய தலை.
பழைய கணக்கைப்போல இரண்டு பங்கு டன் வேண்டும் என்றான்.
மிசுனோ நலமா என்றேன்.
"யார்?" என்றான்,
மிசுனோ கையெழுத்துப் போட்ட ரசீதை மடித்துக்கொண்டே.

பில் எழுதினேன்.
அதைச் சொல்லாமல் இந்தப் பேரேட்டை மூட முடியாது.
எடை சரியாக இருந்தது.
கடவத்துக்குக் காசு கொஞ்சம் கூடிற்று.
கிறிஸ்மசுக்குக் கம்பெனி வேட்டி தந்தது.
எந்தக் கப்பலின் நெற்றியில்,
எந்தச் சிவப்பு வட்டத்தைச் சுற்றி
எங்கள் வெள்ளை காயப்போகிறது என்று
கம்பெனி கேட்கவில்லை. நானும்தான்.

அதே மாசம் நாகர்கோவிலில் கூட்டம் கூடத் தடை.
தக்கலை ரோட்டில் லத்தி.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாய் நிறுத்தி
மகாராஜா வாழ்க சொல்ல வைத்தார்கள்.
என் மகன் தாசையன் குரல் மட்டும்
தனியாய், கணீரென்று, வேலிக்கு வெளியே கேட்டது.
உள்ளதைச் சொன்னால்,
எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது.

ராத்திரி குப்பியைத் தேடி எடுத்தேன்.
ஈரம் ஏறிப் பொடி கல்லாகியிருந்தது.
மேசையில் கிடந்த காந்தத்தை அருகே கொண்டுபோனேன்.
அசையவில்லை.
கறுப்பாய் இருந்த காலத்தில் அப்படிப் பாய்ந்து ஓடியது.

மறுநாள் தராசில் கடவத்தை இறக்கி
நெற்றி மணலைத் துடைத்துவிட்டுப் பாலம்மை கேட்டாள்:
"அந்தச் சிரிக்கிற ஆளு இந்த மட்டம் வரல்லியா?"

முள் நிற்கும்வரை காத்திருந்தேன்.
எழுதினேன்.
"அடுத்த கடவம்" என்றேன்.